கருவி பெரிதா, கை பெரிதா?

ஓர் ஊரின் முகம் அதன் கடைத்தெரு. அக்கடைத்தெருவின் முகம் அங்குத் தொங்கும் பெயர்ப்பலகைகள். ஊருக்குப் புதியவர் ஒருவர் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் படிப்பது செய்தித்தாளை அன்று. நூலகத்து நூலை அன்று. எதிரே தெரியும் மருந்துக் கடையின் பலகையையும் உணவு விடுதியின் பலகையையுமே. எழுத்தறிந்த தமிழர் யாவரும் நாள்தோறும் தவறாது படிக்கும் தமிழ் ஒன்று உண்டெனில் அது பெயர்ப்பலகைத் தமிழே எனின் மிகையாகாது. ஆயினும், அவ்வெழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன, யார் கையால் பிறக்கின்றன என்று தமிழ்த்துறையைச் சார்ந்த நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. என்னை எண்ண வைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் துறையில் தேசியக் கருத்தரங்கம் ஒன்று நடைபெறவிருந்தது. மேடையின் பின்புறம் கட்டுதற்குரிய பதாகையை அச்சிட்டு வருமாறு மாணவர் இருவரை அனுப்பியிருந்தோம். விடிந்தால் விழா. இரவு பத்து மணிக்குப் பதாகை வந்து சேர்ந்தது. விரித்துப் பார்த்த எங்களுக்குத் திகைப்பே மிஞ்சியது. ‘தேசிய’ என்னும் சொல்லில் தகரத்தின் முன்னே நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு, தகரத்தைத் தாண்டிச் சென்று சகரத்தை ஒட்டி நின்றது. மெய்யெழுத்தின் தலைமீது இருக்கவேண்டிய புள்ளிகள் பக்கவாட்டில் விலகிக் கிடந்தன. தமிழ்த்துறையின் விழாவிலேயே தமிழ் கை வேறு கால் வேறாகக் காட்சியளித்தது.

நல்வேளையாக, கல்லூரிக்கு அருகில் முதிய ஓவியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். ஒரு காலத்தில் அவ்வூர்க் கடைகளின் பலகைகளையெல்லாம் எழுதியவர். டிஜிட்டல் பேனர்கள் வந்தபின் தூரிகைக்கு வேலையின்றி வீட்டோடு இருந்தவர். நள்ளிரவில் அவரை எழுப்பி அழைத்து வந்தோம். வெள்ளைத்தாளில் பிழைபட்ட சொற்களைத் தம் கையால் எழுதி, பதாகையின் மேல் அளந்து ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் மேடையில் அமர்ந்த அறிஞர் பெருமக்களில் ஒருவர்கூட வேறுபாடு காணவில்லை.

விழா முடிந்தபின் அம்மாணவர் இருவருக்கும் வழக்கு மூண்டது. “ஐயா, அந்தக் கடையில் இருப்பது பழைய மென்பொருள். நல்ல மென்பொருள் இருந்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது” என்றார் ஒருவர். “மென்பொருள் எதுவானால் என்ன ஐயா? எழுத்தறிந்த ஒருவர் திரையைப் பார்த்திருந்தால் அச்சுக்கே போயிருக்காது; குற்றம் கையுடையதே” என்றார் மற்றவர். பெயர்ப்பலகையும் இலச்சினையும் உருவாக்கும் தொழிலில் மென்பொருள் தேர்வு முதன்மையானதா அன்றோ என்னும் இவ்வழக்கில் தீர்ப்புக் கூற முயல்வதே இக்கட்டுரை.

கருவி விட்டுச்செல்லும் தடம்

கருவிக்கு ஆற்றலே இல்லை என்று தமிழ் எழுத்தின் வரலாற்றை அறிந்த எவரும் கூறார். கல்லில் உளி கொண்டு வெட்டிய காலத்து எழுத்து ஒரு வடிவம் கொண்டது. ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறிய காலத்து எழுத்து மற்றொரு வடிவம் கொண்டது. ஓலையில் எழுதியோர் மெய்க்குப் புள்ளியிடுதலைப் பெரும்பாலும் தவிர்த்தனர். அழுத்திக் குத்தினால் ஓலை பழுதாகும் என்பதை அதற்குக் காரணமாகக் கூறுவர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை தோன்றாத நிலையும் அவ்வோலைகளில் உண்டு. அம்மயக்கம் நீங்க இரட்டைக்கொம்பை வகுத்தளித்த பெருமை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரைச் சாரும் என்பர். அந்த இரட்டைக்கொம்புதான் எம் பதாகையில் இடம் மாறி நின்றது!

பின்னர் அச்சும் தட்டச்சும் வந்தன. ணகர, லகர, ளகர, னகரங்களின் ஐகார வடிவங்களும், ணகர, றகர, னகரங்களின் ஆகார வடிவங்களும் தனித்தனி உருக்களாய் நின்று அச்சுக்கோப்பவரை அலைக்கழித்தன. தந்தை பெரியார் தம் இதழில் நெடுங்காலம் கையாண்டு வந்த சீர்திருத்த எழுத்துகளை 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று நம் பிள்ளைகள் எழுதும் ‘லை’யும் ‘னை’யும் அவ்வாணையின் வழி நிலைபெற்றவை. ஆகவே, கருவி எழுத்தை மாற்றும் என்பது வெள்ளிடைமலை. ‘மென்பொருள் எதுவானால் என்ன’ என்ற மாணவரின் கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது.

கணிப்பொறி இல்லாக் காலத்துச் சின்னங்கள்

மற்றொரு பக்கத்தையும் காண்போம். பாரத ஸ்டேட் வங்கியின் சின்னத்தை அறியாதார் நம் நாட்டில் இலர். நீல நிற வட்டம்; அதன் நடுவே சிறு வட்டம்; அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு வெட்டு. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தைச் சார்ந்த சேகர் காமத் 1971ஆம் ஆண்டில் அதனை வடிவமைத்தார். அதே 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி, நைக்கி என்னும் காலணி நிறுவனத்துக்காக வளைந்த கோடொன்றை வரைந்து கொடுத்து 35 டாலர் ஊதியம் பெற்றார். இன்று உலகின் எம்மூலையிலும் அக்கோட்டைக் கண்டவர் அது யாருடையது என்று சொல்லிவிடுவர்.

இவ்விரண்டும் பிறந்தபோது வரைகலை மென்பொருள் எதுவும் கடைக்கு வந்திருக்கவில்லை. அடோபி நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர் வெளிவந்தது 1987இல். கனடா நாட்டுக் கோரல் நிறுவனத்தின் கோரல் டிரா வெளிவந்தது 1989இல். ஃபோட்டோஷாப்பின் முதற்பதிப்பு வெளிவந்தது 1990இல். மென்பொருளே சின்னத்தைப் படைப்பதாயின் 1971இல் இச்சின்னங்கள் பிறந்தது எங்ஙனம்? தாளும் கரிக்கோலும் கவராயமும், அவற்றை இயக்கிய சிந்தனையுமே அவற்றைப் பெற்றெடுத்தன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற பழமொழி இன்று ‘மென்பொருள் சரியில்லை’ என்று உருமாறி வழங்குகிறது போலும்!

வகை வேறு, வணிகப்பெயர் வேறு

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர் உணர்தல் வேண்டும். மென்பொருளின் வகை என்பது ஒன்று. அதன் வணிகப்பெயர் என்பது மற்றொன்று. வகைத் தேர்வில் தவறினால் தொழிலே பழுதாகும். வணிகப்பெயர்த் தேர்வில் பெரிய இழப்பொன்றும் இல்லை.

ஃபோட்டோஷாப் போன்றவை படத்தை நுண்ணிய வண்ணப் புள்ளிகளின் தொகுதியாகக் கருதுவன. ஒளிப்படத்துக்கு அதுவே உகந்தது. ஆனால், இலச்சினையை அதில் உருவாக்கினால் என்ன நேரும்? முகவரி அட்டைக்காக 2 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஒரு சின்னம் வரையப்படுகிறது எனக் கொள்வோம். அதன் அகலம் முழுவதிலும் 600 புள்ளிகளே உள்ளன. கடை வளர்ந்து, அதே சின்னத்தை 20 அடி அகலப் பலகையில் பொறிக்க விரும்புகிறார் உரிமையாளர். 240 அங்குலத்துக்கு 600 புள்ளிகள். அதாவது அங்குலத்துக்கு இரண்டரைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சதுரமாய்ப் பெருத்து, சின்னத்தின் விளிம்பு படிக்கட்டுப் போலத் தோன்றும். மேலும், வினைல் தாளை வெட்டும் பொறிக்கும், அக்ரிலிக் பலகையை அறுக்கும் லேசர்ப் பொறிக்கும் வேண்டுவது கோடேயன்றிப் புள்ளியன்று. வெட்டுவாய் செல்லவேண்டிய பாதையைக் கோடு ஒன்றே காட்டவல்லது.

கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகியவை கோடுகளைக் கணக்காகச் சேமித்து வைக்கும் வகையைச் சார்ந்தவை. எத்துணைப் பெரிதாக்கினும் கோடு கூர்மை இழப்பதில்லை. இம்மூன்றும் தம்முள் எவ்வளவு வேறுபட்டவை? பிரான்சு நாட்டு ரெனோ மகிழுந்து ஆலையின் பொறியாளர் பியேர் பெசியே, வண்டிகளின் வளைந்த உடற்பகுதியைக் கணக்கால் விளக்க ஒரு முறையை 1960களில் கையாண்டு பரப்பினார். சித்ரோவன் ஆலையில் பணியாற்றிய போல் தெ காஸ்டல்ழோ அதற்குச் சற்று முன்னரே அதனைக் கண்டிருந்தார். மேற்கூறிய மூன்று மென்பொருள்களும் வளைவை வரைவது அந்த ஒரே கணக்கின் துணைகொண்டுதான். ஆலமரத்தடியில் அமர்ந்து மூன்று கடைகளில் வாங்கிய அளவுகோலால் அளந்தாலும் அடி ஓர் அடியே.

எனவே, ‘கோரல் டிரா கற்றவன் தாழ்ந்தவன், இல்லஸ்ட்ரேட்டர் கற்றவன் உயர்ந்தவன்’ என்னும் பேச்சுக்குப் பொருளில்லை. நம் ஊர்களின் பதாகைக் கடைகளில் கோரல் டிராவே மிகுதியாகப் புழங்குகிறது. ஆங்கு வேலைக்குச் செல்வோர் அதனைக் கற்றல் பயன் தரும். விளம்பர நிறுவனங்களுக்குச் செல்வோர் இல்லஸ்ட்ரேட்டரை அறிந்திருத்தல் நன்று. பொருள் வசதியற்ற மாணவருக்கு 2003ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இங்க்ஸ்கேப் உண்டு. அதற்கு விலையில்லை, எவரும் தம் கணிப்பொறியில் நேர்மையாக நிறுவிக்கொள்ளலாம். உரிமம் பெறாத மென்பொருளைக் களவாகப் பயன்படுத்தித் தொழில் கற்பதைக் காட்டிலும், விலையில்லா மென்பொருளில் நிமிர்ந்த தலையோடு கற்பது மேலன்றோ? பிறர் உழைப்பை மதியாதவன், நாளை தன் வடிவமைப்பைப் பிறர் களவாடும்போது எம்முகத்தோடு முறையிடுவான்?

தமிழுக்கு எது பொருந்தும்?

இனி, வழக்கின் உயிர்நிலைக்கு வருவோம். ஆங்கிலப் பலகையை எந்த மென்பொருளிலும் எழுதிவிடலாம். தமிழ் அத்தகையதன்று. ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. ஒலியால் பின்வரும் உயிர், வடிவால் முன்னும் பின்னும் பிரிந்து நிற்பதை அறிந்து ஒழுங்குசெய்யும் திறன் மென்பொருளுக்கு இருத்தல் வேண்டும். அத்திறன் இல்லாத இடத்தில்தான் ‘தேசிய’ சிதைந்தது.

இச்சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. கணிப்பொறி அச்சு பரவிய நாளில் ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பம்போல் அமர்த்தியது. ஒரு டி.டி.பி. நிலையத்தில் தட்டச்சு செய்ததை மறு நிலையத்தில் திறந்தால் குப்பையாகத் தோன்றியது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டின் விளைவாகப் பொது விசைப்பலகையும் பொதுக் குறியீடும் வகுக்கப்பட்டன. பின்னர் 2010இல் தமிழக அரசு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியை ஏற்றது. இன்று கைப்பேசியில் நாம் எழுதும் தமிழ் ஒருங்குறித் தமிழே.

ஆனால், பதாகைக் கடைகளின் பழைய கணிப்பொறிகளில் உள்ள பழைய பதிப்புகள் பல ஒருங்குறித் தமிழை ஒழுங்குசெய்ய அறியா. வாடிக்கையாளர் கைப்பேசியில் அனுப்பும் தமிழ் வாசகத்தை அப்படியே படியெடுத்து அங்கே ஒட்டினால் கொம்பும் காலும் சிதறும். கோரல் டிரா தன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இவ்வகை எழுத்துகளுக்குரிய ஏற்பாட்டைச் சேர்த்தது. ஆதலின், ஒரு மென்பொருளைத் தேர்வதற்கு முன் தமிழ் மாணவர் செய்யவேண்டிய சோதனை எளிது. ‘தே’, ‘கை’, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை அதில் இட்டுப் பார்க்கட்டும். அவை சிதையாது நின்றால் அக்கருவி தமிழுக்கு உதவும். சிதைந்தால் எத்துணை விலையுயர்ந்ததாயினும் அது நமக்கு உதவாது. மென்பொருள் தேர்வு முதன்மையானதே என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது.

ஒரு குறியீடு தரும் பாடம்

கருவியும் கையும் எங்கே பிரிகின்றன, எங்கே கூடுகின்றன என்பதை விளக்க நம் ரூபாய்க் குறியீட்டினும் சிறந்த சான்றில்லை. தமிழகத்தைச் சார்ந்த உதயகுமார், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருவியலை ஆய்ந்தவர். தேவநாகரி ரகரத்தையும் ரோமன் ஆர் எழுத்தையும் இணைத்து அவர் வரைந்த வடிவத்தை இந்திய அமைச்சரவை 2010 ஜூலை 15ஆம் நாள் ஏற்றது. அவ்வடிவம் எந்த மென்பொருளையும் சார்ந்து நிற்பதன்று. காய்கறிக் கடைக்காரர் சுண்ணாம்புக் கட்டியால் சிலேட்டில் எழுதினாலும் அது ரூபாய்தான். வடிவத்தின் வெற்றி சிந்தனையின் வெற்றி.

ஆனால், அமைச்சரவை ஏற்ற அன்று அதனை எந்தக் கணிப்பொறியிலும் தட்டச்சு செய்ய இயலவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஒருங்குறியின் 6.0 பதிப்பில் அதற்கோர் எண் வழங்கப்பட்டது. எழுத்துருக்களும் இயங்குதளங்களும் அதனை ஏற்ற பின்னரே அது விலைப்பட்டியல்களிலும் செய்தித்தாள்களிலும் உலவத் தொடங்கியது. படைப்பது கை, பரப்புவது கருவி. இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்கு வழக்கில் பாதி தீர்ந்தது.

மென்பொருள் தராதவை

மீதிப் பாதி, எந்த மென்பொருளும் தரவியலாத எழுத்துணர்வு. பலகையில் இடம் குறைவு, கடைப்பெயரோ நீளம். கணிப்பொறியில் அமர்ந்தவர் என்ன செய்கிறார்? எழுத்தின் பக்கவாட்டைப் பிடித்து நெருக்குகிறார். படுக்கைக் கோடு தடித்தபடியே இருக்க, செங்குத்துக் கோடு மெலிந்து எழுத்து நோயுற்றது போலாகிறது. பழைய ஓவியர் அவ்வாறு செய்யமாட்டார். சுவரில் நூல் பிடித்துக் கோடிட்டு, எழுத்துகளை எண்ணி, இடத்தைப் பங்கிட்டு, தூரிகையின் பருமன் மாறாமல் எழுத்தையே ஒடுக்கமாக எழுதுவார். கருவி எழுத்தை நெருக்கும்; கலைஞரோ எழுத்தைப் புதிதாக எழுதுவார்.

தொலைவும் எண்ணத்தக்கது. பத்தடித் தொலைவுக்கு ஓரங்குல உயரம் என்பது ரோமன் எழுத்துக்குப் பலகைத் தொழிலில் வழங்கும் கணக்கு. நூறடித் தொலைவிலிருந்து படிக்கவேண்டிய பலகைக்குப் பத்தங்குல எழுத்து வேண்டும். சுழியும் கொம்பும் புள்ளியும் நிறைந்த தமிழுக்கு அதனினும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும் என்பது என் கருத்து. மேலே இகர ஈகார விலங்குகளும் கீழே உகரச் சுழிகளும் நீளுவதால் வரிக்கு வரி இடைவெளியும் மிகுதியாக வேண்டும். ஆனால், நாம் காண்பது என்ன? ஆங்கிலப் பெயர் ஆளுயரம். தமிழ்ப்பெயர் அதன் காலடியில் விரலளவு. நிழலும் பளபளப்பும் ஏற்றி எழுத்தின் உட்சுழிகளை அடைத்துவிடுகின்றனர். புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிறது. ‘கல்’ என்பது ‘கல’ என்றாகிறது. நிழலும் பளபளப்பும் எல்லா மென்பொருளிலும் ஆயத்தமாக உள்ளன. எதனை இடவேண்டும் என்பதை மென்பொருள் கற்பிக்கும். எதனை விடவேண்டும் என்பதை அது கற்பிக்காது.

செய்யத்தக்கன

இவ்வழக்கில் என் தீர்ப்பு இதுவே. பெயர்ப்பலகையோ இலச்சினையோ செய்யப் புகுவோர் முதலில் கேட்கவேண்டியது, ‘என்ன சொல்ல வந்தோம், யாருக்குச் சொல்ல வந்தோம்’ என்பது. இரண்டாவது, ‘எழுத்து பிழையற்றும் தெளிவுற்றும் நிற்கிறதா’ என்பது. ‘எந்த மென்பொருள்’ என்பது மூன்றாவது கேள்வி. மூன்றாவது கேள்வியை முதலாவதாகக் கேட்பதே இன்றைய குறை.

மாணவச் செல்வங்களே! சான்றிதழ்ப் படிப்பொன்றுக்குப் பெற்றோரின் சேமிப்பைக் கொட்டுமுன் ஒரு மாத காலம் வெறுந்தாளில் தமிழ் எழுத்துகளை வரைந்து பழகுங்கள். அகரத்தின் சுழி எங்கே தொடங்குகிறது, ழகரத்தின் கால் எங்கே முடிகிறது என்பதைக் கை அறியட்டும். பின்னர் எம்மென்பொருளும் உங்களுக்கு ஏவல் செய்யும். செய்து முடித்த வேலையை அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, எந்த நிறுவனத்தின் கருவியிலும் திறக்கத்தக்க பி.டி.எஃப். கோப்பாகத் தாருங்கள். அச்சிடுவோரின் கணிப்பொறியில் உங்கள் எழுத்துரு இல்லாவிடினும் கொம்பு இடம் பெயராது.

ஆசிரியப் பெருமக்களே! பிழை திருத்தும் கலையை விடைத்தாளோடு நிறுத்திவிடாமல் வீதிக்கும் கொண்டு செல்வோம். தமிழ் பயின்ற மாணவருக்கு வேலை எங்கே என்று கேட்போருக்கு, ஒவ்வொரு பதாகைக் கடையிலும் தமிழறிந்த ஒருவர் தேவைப்படுகிறார் என்று காட்டுவோம். தூரிகையைக் கீழே வைத்துவிட்ட ஓவியரை ஆண்டுக்கொரு முறையேனும் வகுப்பறைக்கு அழைத்து, எழுத்து வரையும் முறையை மாணவர் கற்க வழிசெய்வோம். அவர் கைத்திறம் அவரோடு மறைந்தால் அதனை மீட்டுத் தர எந்த மென்பொருளாலும் இயலாது.

சமுதாயப் பெரியோர்களே! கடைக்கும் பள்ளிக்கும் மண்டபத்துக்கும் பலகை செய்யச் சொல்பவர் தாங்களே. விலை கேட்கும்போது எழுத்தையும் கேளுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை வரிவிடாது படித்துப் பாருங்கள். தங்கள் பெயரில் ஒரு புள்ளி குறைந்தால் பொறுப்பீர்களா? அவ்வாறே தமிழில் ஒரு புள்ளி குறைந்தாலும் பொறாதிருங்கள்.

அன்றிரவு ஒட்டுப்போட்ட பதாகையைத் துறையில் இன்னும் மடித்து வைத்திருக்கிறோம். அதில் அச்சிட்ட எழுத்தின் சாயம் மங்கத் தொடங்கிவிட்டது. முதியவர் கையால் எழுதிய ‘தேசிய’ மட்டும் கொம்பு நிமிர்ந்து நிற்கிறது.